தமிழில் சொல்ல வாய் வராத வாக்கியம்

2024 ஜனவரி 8. பாடப்புத்தகம், ரூ. 2,350.
மார்ச் 4. இணைய வகுப்பு, ரூ. 18,000.
செப்டம்பர் 12. தேர்வுக் கட்டணம், ரூ. 13,900.

ஏற்காடு கடைவீதியில் மிளகும் காப்பித்தூளும் விற்கும் ரஹமத்துல்லாவின் மகள் ஆஃப்ரின் டச்சு படித்த செலவு இது. அவள் கணவன் தௌபீக் ரோட்டர்டாமில் சமையல்காரன். அவனுக்கு நிலையான வேலை இருக்க வேண்டும், அவள் டச்சுத் தேர்வில் தேற வேண்டும். இரண்டும் கூடினால்தான் அங்கே போய் அவனோடு வாழலாம்.

அவளைப் பாடாய்ப் படுத்தியது முடிந்த காரியத்தைச் சொல்லும் வினை. வேலை செய்தால் 'கெவெர்க்ட்', குடியிருந்தால் 'கெவோன்ட்'. முன்னால் 'கெ' ஒட்ட வேண்டும். 'ஃபெர்' என்று தொடங்கும் வினைக்கு ஒட்டக்கூடாது. உருவம் மாறுபவற்றை உருப்போடத்தான் வேண்டும். அந்தக் 'கெ'யும் தொண்டையை உரசிக்கொண்டு வர வேண்டும்.

"ஏன் கண்ணு, மீன்முள்ளு மாட்டிக்கிச்சா?" என்பார் அவள் அத்தா ரஹமத்துல்லா.

கடை சாத்தியதும் தௌபீக் போனில் அன்று செய்ததையெல்லாம் டச்சில் சொல்வான். அவள் புத்தகத்தை வைத்துக்கொண்டு தவறு பிடிப்பாள்.

"ஒம்பது வருசமா அங்க இருக்கீங்க, இதுகூடத் தெரியாதுங்களா?"

"கரண்டிக்கு எதுக்கு புள்ள இலக்கணம்?"

தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. அன்று அவன் நிறுத்தி நிதானமாகச் சொன்னான்: "இக் ஹெப் மேன் பான் ஃபெர்லோரன்."

"ஹெப் சரி. வினை கடைசியில வந்திருச்சு. ஃபெர்லோரன், கெ வராது, அதுவும் சரி. நொம்பத் தேறிட்டீங்க. அடுத்தது சொல்லுங்க."

அடுத்தது வரவில்லை. அப்போதுதான் வாக்கியத்தின் பொருள் அவளுக்கு உறைத்தது. என் வேலை போய்விட்டது. காப்பிக்கொட்டை மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க, பாடத்துக்குச் சொன்னீங்களா, நெசமாவா?"

"நெசந்தான். மூணு வாரமாச்சு. ஓட்டல மூடிட்டாங்க. தமிழ்ல சொல்ல வாய் வரல."

விஷயம் கேட்ட அத்தா, "இனி பரீட்சை எதுக்குச் சாமி?" என்றார்.

"அவருக்கு நாளைக்கே வேலை கெடைச்சு, நான் படிக்காம நின்னா என்னங்கத்தா பண்றது?"

சென்னைக்குப் போய் எழுதினாள். தேறினாள். தௌபீக்குக்கும் வேறொரு சமையலறையில் வேலை கிடைத்தது. ஆனால் ஆறு மாத ஒப்பந்தம்தான். அதைக் காட்டியே விண்ணப்பம் போட்டார்கள். ஒப்பந்தக் காலம் போதாது என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்தார்கள்.

அதற்கு வந்த கடிதத்தைத் தௌபீக் படம் பிடித்து அனுப்பினான். 'ஆஃப்கெவேசன்' என்றிருந்தது. மறுக்கப்பட்டது. அவன் விளக்க வேண்டியிருக்கவில்லை. அது அவன் கைக்கு வந்த நாள் 2025 நவம்பர் 18.