மீட்டருக்கு மேலே சாமி

லண்டன் வால்தம்ஸ்டோவில் நாங்கள் இருக்கும் பழைய வீட்டில் சாமியறைக்குத் தனி இடம் இல்லை. மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில் பலகை அடித்துப் படங்களை வைத்திருந்தோம். காஸ் மீட்டரும் அதற்குள்தான். மீட்டர் கீழே, சாமி மேலே.

ஒரு புதன்கிழமை வேலைக்குப் போக, அலமாரிக்குப் பக்கத்தில் கழற்றி வைத்த சப்பாத்தை எடுக்கக் குனிந்தபோது அழுகிய முட்டை போல மணத்தது. மனைவி முகர்ந்துவிட்டு, பழைய பூவாக இருக்கும் என்று பூவை மாற்றினாள். வியாழனும் மணத்தது. காஸ்தானோ என்று எனக்குச் சந்தேகம். யாருக்குப் போன் எடுப்பது, ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று வேலையிடத்தில் வசனம் கட்டிக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவள் சாம்பிராணி போட்டாள். மணம் தெரியவில்லை. போய்விட்டதென்றே நம்ப விரும்பினேன்.

சனி காலை இன்னும் கூடுதலாக வந்தது. விளக்குக் கொளுத்த வந்தவளின் கையிலிருந்து நெருப்புப்பெட்டியை வாங்கிக்கொண்டு, அவளை வெளியே போகச் சொன்னேன். யன்னல்களைத் திறந்தேன். அவள் தெருவில் நின்று, எங்கள் குசினியில் அலமாரி, தொட்டி எல்லாம் பொருத்திப் பூட்டித் தந்த பக்கத்துத் தெரு அண்ணையைக் கூப்பிட்டுவிட்டாள். எல்லா வேலையும் தெரிந்தவர். காஸ் வேலைக்கான லைசென்ஸ் மட்டும் இல்லை. ஸ்பானரோடு வந்தார்.

"தள்ளும் தம்பி. ஒரு முறுக்கு முறுக்கினாச் சரி."

அலமாரிக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். அவருக்கு நான் ஒருநாளும் மறுத்துச் சொன்னதில்லை.

"ஏலாது அண்ணை. லைசென்ஸ் உள்ள ஆள் வரட்டும்."

"நான் பூட்டின குசினியிலைதானே சோறு தின்னுறீர்?"

"ஓம் அண்ணை. இது காஸ்."

போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் போனார்.

தெருவில் நின்று காஸ் அவசர நம்பருக்குப் போன் எடுத்தேன். கட்டி வைத்த வசனம் எதுவும் வரவில்லை. காஸ் மணக்கிறது, பழைய வீடு என்பதை மட்டும் சொன்னேன். அது போதுமாயிருந்தது. காஸ் கம்பனி ஆட்கள் வந்து காஸை நிறுத்திவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை வந்த காஸ் எஞ்சினியர் முதலில் தன் லைசென்ஸ் அட்டையைக் காட்டினார். பிறகு பலகையைக் கழற்றினார். பின்னால் இரும்புக் குழாயின் மூட்டு துருவேறி உதிர்ந்துகொண்டிருந்தது. எப்படித் தண்ணீர் வந்தது என்று கேட்டார். சாமிக்கு வைத்த செம்புத் தண்ணீர் காலைதோறும் சிந்தி வடிந்திருக்கிறது, இத்தனை வருடமாய். யாராவது முறுக்கியிருந்தால் குழாய் கையோடு வந்திருக்கும் என்றார். புதுக் குழாய் போட்டு, கசிவு இல்லையென்று சோதித்துக் காட்டினார். சாமி முன்னறைக்கு மாறியது.

கழற்றிய துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அண்ணை வீட்டிலும் மீட்டருக்கு மேலேதான் சாமி. இரண்டு தரம் அவர் வாசல்வரை போய்த் திரும்பினேன். மூன்றாம் தரம் பெல்லை அடித்துவிட்டு, துண்டைப் பையிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தபடி நின்றேன்.