பிரீமியம் எங்கே?

பசுவந்தனையில் எங்கள் காட்டில் விளையும் குதிரைவாலியை விற்க நானே ஒரு இணையதளம் போட்டிருந்தேன். ஆர்டர் எடுக்க அதில் சேர்த்த ‘பிளகின்’ என்ற இலவசத் துணைநிரல், திறக்கும்போதெல்லாம் ‘காசு கட்டி பிரீமியம் வாங்குங்கள்’ என்று திரையை மறைக்கும். ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் என் மாமியார் ஒருநாள் பயந்தே போனார்.

“ஏட்டி, ரூவா கட்டலன்னா நம்ம கடைய மூடிருவாவளோ?”

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அன்றே அதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொரு இலவச பிளகினைப் போட்டேன். அது எதையுமே கேட்கவில்லை. சந்தேகம் தாங்காமல், அந்தப் பிளகினை உருவாக்கியவருக்கே மெயில் அனுப்பினேன்: ‘பிரீமியம் எங்கே?’

‘அப்படி ஒன்று கிடையாது. உங்கள் வேலை நடக்கிறதா?’ என்று பதில் வந்தது.

வெட்கமாகிவிட்டது. என் தளத்திலும், வருபவர்களை மறித்து ‘சலுகை முடியப்போகிறது’ என்று மிரட்டும் பெட்டி ஒன்று இருந்தது. உடனே அதை எடுத்துவிட்டேன்.

“யாவாரம் படுத்துருமே” என்றார் கணவர்.

படுக்கட்டும். என் கடைக்குள் வந்து இனி யாரும் பயப்படக்கூடாது.