பனியாற்றியலுக்கு ஐந்து பேர்

"இந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிக்கறவங்கதான் படிக்கணும். இந்தப் பக்கம் உக்காந்திருக்கறவளுக்கு இனி ஒரு பட்டமும் தேவையில்ல. நான் மறுபடி வகுப்புல போய் உக்காந்தா, மலையெல்லாம் எழுந்து பஜாருக்கு நடந்து வரும்!"

பிஷ்கேக்கில் எங்கள் பல்கலைக்கழகத்தின் முதுநிலைச் சேர்க்கை ஜன்னலில் இருபத்தாறு ஆண்டுகளாக அமர்ந்திருக்கும் புருல்கான் அசானோவ்னா, துணைவேந்தரின் பிறந்தநாள் விருந்தில் கோப்பையை உயர்த்திச் சொன்னது இது. வாழ்த்துரையாகச் சொன்னார். துணைவேந்தரைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

பொறியியலிலும் அறிவியலிலுமாக அவர் கைவசம் முப்பத்தொன்பது படிப்புகள் இருந்தன. அவற்றை வழங்குவதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு.

"அணைக்கட்டுப் பொறியியலா? நீச்சல் தெரியுமா?"

"தெரியாது, எஜே." அக்கா என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் அது.

"அப்ப சுரங்கம் எடு. விழுந்தாலும் நனைய மாட்டே."

பலர் சுரங்கத்தில் நன்றாகவே இருக்கிறார்கள்.

முப்பத்தொன்பதில் கடைசி, பனியாற்றியல். ஐந்து பேர் சேர்ந்தால்தான் அந்த ஆண்டு வகுப்பு நடக்கும். குறைந்தால், சேர்ந்தவர்களை உணவுத் தொழில்நுட்பத்துக்கு மாற்றிவிடுவார்கள். இரண்டு துறைகளும் ஒரே மாடியில் இருப்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் சொல்லப்படவில்லை.

அந்த ஆண்டு சரியாக ஐந்து பேர். கடைசி நாள், ஜன்னல் ஐந்து மணிக்கு மூடும். மூன்று மணிக்கு ஐந்தாமவன் வந்து தன் அசல் சான்றிதழைத் திருப்பிக் கேட்டான். மாஸ்கோவில் டாக்சி ஓட்டப் போகிறானாம். அசலை எடுத்துக்கொண்டால் ஆள் கணக்கில் இல்லை.

அவனுக்குப் பின்னால் நின்றிருந்தவள், மீதி நால்வரில் ஒருத்தியான கன்யகேய். நாரின் மலையில் ஏழு ஆண்டுகளாகப் பனியாறு அளப்பவள். ரசீது வாங்க வந்தவள், வெறுங்கையோடு அங்கேயே நின்றாள்.

"எஜே, ஜனவரியிலிருந்து முதுநிலைல சேர்ந்திருந்தாதான் அளவுப் பதிவுல கையெழுத்துப் போடலாமாம். இல்லேன்னா என் நிலையத்துக்கு வேற ஆளாம்."

"உணவுத் தொழில்நுட்பம் நல்ல படிப்பும்மா. ஐஸ்கிரீம் பாடம்கூட இருக்கு."

கன்யகேய் சிரிக்கவில்லை. "ஏழு வருஷத்துல பனியாறு நாப்பது மீட்டர் பின்னாடி போயிடுச்சு, எஜே. புதுசா வர்றவனுக்கு எந்தக் கல்லுலேர்ந்து அளக்கறதுன்னே தெரியாது."

புருல்கான் எழுந்தார். தொலைத்தொடர்புத் துறையின் வரிசைக்குப் போய் நெட்டையாக ஒருவனைப் பிடித்தார்.

"தம்பி, பனியாறு படிக்கிறியா? வருஷத்துல மூணு மாசம் மலை. நல்ல காத்து."

"அங்க சிக்னல் கிடைக்குமா, எஜே?"

"கிடைக்காது."

"அப்ப வேணாம்."

இப்படிப் பதினொரு பேர். ஒருவன் மட்டும் அம்மாவைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். அம்மா தொலைபேசியிலேயே புருல்கானைத் திட்டினார்.

நான்கு மணிக்கு அவர் ஜன்னலுக்குத் திரும்பினார். கன்யகேய் பெஞ்சில் ஐஸ்கிரீம் துறையின் பாடத்திட்டத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அதை அவள் திறக்கவேயில்லை.

புருல்கான் இரும்பு அலமாரியைத் திறந்து அடித்தட்டிலிருந்து தன் பட்டச் சான்றிதழின் நீல அட்டையை எடுத்தார். இயற்பியல், ஐந்தாண்டுப் படிப்பு, சோவியத் காலத்து முத்திரை. தூசியைக் கையால் துடைத்தார். ஒரு விண்ணப்பத்தை எடுத்துப் பூர்த்தி செய்து, தன் தவறுகளைத் தானே சிவப்பு மையால் சுழித்து, வேறு தாளில் மறுபடி எழுதினார். புகைப்படம் ஆறு என்ற இடத்தில் பேனா நின்றது. ஐந்து கொண்டுவந்தவர்களை அவர் நாரினுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

ஜன்னலைச் சாத்திவிட்டு வாசலுக்கு எதிரே இருந்த புகைப்படக் கடைக்குப் போனார்.

"யாருக்கு எஜே, பையனுக்கா?" என்றான் கடைக்காரன்.

"என்னைத்தானே உக்கார வெச்சிருக்கே? எடு."

"சிரிங்க."

"விண்ணப்பத்துக்கு. சிரிச்சா வாங்க மாட்டாங்க."

ஐந்தடிக்க எட்டு நிமிடம் இருக்கையில் ஆறு படங்களும் ஈரத்தோடு அவர் மேசைக்கு வந்தன. அவற்றை எண்ணிப் பார்த்து, ஒட்டி, முத்திரையிட்டு, புருல்கான் அசானோவ்னா தன் விண்ணப்பத்தைத் தானே பெற்றுக்கொண்டார்.