வளையல் கொடுக்காத மகதலேனா

கப்பலேறிக் கடல் தாண்டி வந்து, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீட்டு வரிசைக்குக் குடிவந்த புதிதிலேயே மகதலேனாவுக்குப் பக்கத்து வீட்டு பெர்னடெட்டைக் கண்டால் வயிறு எரியும். பெர்னடெட் நல்ல நிறம், நல்ல குரல். மாதா கோயிலில் அவள் பாட ஆரம்பித்தால் பின்வரிசை ஆண்கள்கூடப் பேச்சை நிறுத்திக் கேட்பார்கள். மகதலேனா பாடினால் பக்கத்தில் நிற்பவள் சற்றுத் தள்ளி நிற்பாள். ஆனாலும் அது சின்னப் பொறாமைதான். பாசாருக்குக் காய்கறி வாங்க இருவரும் சேர்ந்தே போவார்கள், ஒருத்தி வீட்டு உப்பு இன்னொருத்தி வீட்டுக்குப் போகும். அதை ஊதிப் பெரிதாக்கியது எங்கோ நடந்த பெரிய சண்டை.

ஜெர்மன்காரனோடு சண்டை மூண்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பஸ்ரா என்ற தூரதேசத்துத் துறைமுகத்தில் பட்டாளத்துக்கு ரயில் ஓட்ட ஆள் வேண்டும், விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று இஞ்சின் ஷெட்டில் அறிவித்தார்கள். பெர்னடெட்டின் கணவன் வாலண்டைனும் மகதலேனாவின் கணவன் இருதயமும் அங்கே இஞ்சின் பழுது பார்க்கும் பிட்டர்கள். வாலண்டைன் அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டான். இருதயம் வீட்டுக்கு ஓடிவந்து, மூச்சு வாங்க, தானும் போகப்போவதாகச் சொன்னான்.

மகதலேனா கத்தவில்லை, அழவில்லை. போகக்கூடாது என்றாள். அவளுடைய மூத்த அண்ணன் நாகப்பட்டினத்திலிருந்து பட்டாளத்துக்குச் சுமை தூக்கச் சீனாவுக்குப் போனவன். என்ன ஆனான் என்று யாரும் வந்து சொல்லவில்லை. அம்மா சாகும்வரை அவனுக்கு ஒரு தட்டு கழுவி வைத்தாள். மகதலேனா தினமும் கீரை வாங்குவது ஒரு சீனக் கிழவனிடம். ஒரு கட்டு கேட்டால் கூடவே இரண்டு கொத்து மல்லி திணித்துவிட்டுச் சிரிப்பான். இந்த ஆளின் ஊர்க்காரர்களோடு அண்ணனுக்கு என்ன பகை என்று அவள் பலமுறை யோசித்திருக்கிறாள். பஸ்ராக்காரனோடு இருதயத்துக்கு என்ன பகை என்றுதான் இப்போதும் கேட்டாள். பெயர் கொடுக்காமல் இருந்துவிட்டான். ஆனால் அன்றிலிருந்து அவன் முகத்தில் ஒரு தொங்கல் விழுந்தது.

வாலண்டைனை வழியனுப்ப ஸ்டேஷனில் பேண்டு வாசித்தார்கள். ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி பெர்னடெட்டின் சேலையில் மரியாதைச் சின்னமாக ஒரு வெள்ளி ஊசியைக் குத்திவிட்டு, கையைப் பிடித்துக் குலுக்கினாள். அடுத்த ஞாயிறு கோயிலில் பெர்னடெட்டுக்கு முன்வரிசையில் இடம். மகதலேனா தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பூசை முழுவதும் அந்த ஊசியையே பார்த்தாள்.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பாள். மழைக்காலம் வந்தது, பெர்னடெட்டின் கூரை ஒழுகியது. இருதயம் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான். அப்புறம் விறகு பிளந்து கொடுத்தான். அப்புறம் கோழிக்கூடு கட்டினான். தன் வீட்டுக் கதவின் கீல் கழன்று மாதக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்ததை மகதலேனா எடுத்துச் சொன்னபோது, வாலண்டைன் எல்லாருக்காகவும் போயிருக்கிறான், அவன் குடும்பத்தைப் பார்த்துக்கொள்வது நம் கடமை என்றான் இருதயம். புருஷனைத் துணிந்து அனுப்பிய பெண்ணைப் பற்றி அவன் பேசும்போது குரலில் ஒரு மரியாதை இருக்கும். சொந்த மனைவியைப் பற்றிப் பேசும்போது அந்தக் குரல் அவனுக்கு வந்ததே இல்லை என்பது மகதலேனாவுக்குத் தெரியும்.

பலகைச் சுவரின் இடுக்கு வழியாக அவள் பார்த்தாள். தப்பாக எதுவும் நடக்கவில்லை. அவன் காப்பி குடிப்பான், பெர்னடெட் வாசற்படியில் உட்கார்ந்து பஸ்ராவைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைச் சொல்வாள். அவ்வளவுதான். தப்பு நடந்திருந்தால் கேட்டுச் சண்டை போடலாம். இதற்கு என்ன சொல்லிச் சண்டை போடுவது?

அடுத்த வருஷம் யுத்த நிதிக்கு நகை திரட்டினார்கள். ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி வேலாயுதம் வீட்டு வரிசைக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பித்தளைத் தட்டு ஒன்றை முன்னால் வைத்தார். நம் தேசம், நம் ராஜா என்று நெடுநேரம் பேசினார். முதல் ஆளாகப் பெர்னடெட் எழுந்து வளையல்களைக் கழற்றித் தட்டில் போட்டாள். எல்லாரும் கை தட்டினார்கள். இருதயமும் தட்டினான். பிறகு எல்லாருடைய பார்வையும் மகதலேனாவின் கைகளுக்குப் போனது.

அவள் எழுந்தாள். "கிராணி ஐயா, இந்த வளையலை வித்து குண்டு வாங்குவீங்க. அது எங்கியோ ஒரு பொம்பள புருஷன் மேல விழும். அவ எனக்கு என்ன பண்ணுனா? நான் தரமாட்டேன். இந்தச் சண்டையே எனக்கு வேணாம்."

வேலாயுதம் கோபப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்குக் கிடைத்த மரியாதை தனக்குக் கிடைக்கவில்லை என்ற எரிச்சல், பெண்களுக்கு அது இயல்புதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கூட்டம் முழுவதும் சிரித்தது. அவர் சொன்னது முழுப்பொய் என்றால் மகதலேனாவால் தாங்கியிருக்க முடியும். பாதி உண்மை என்பதுதான் அவளைச் சுட்டது. மறுநாள் காலை இருதயம் வீட்டில் எதுவும் சாப்பிடாமல், பெர்னடெட் வீட்டில் காப்பி குடித்துவிட்டு வேலைக்குப் போனான்.

அதன்பின் மாதக்கணக்கில் பாசாருக்குத் தனித்தனியாகத்தான் போனார்கள். ஒரு மத்தியானம் பின்வாசலில் நிழல் தட்டியது. பெர்னடெட் நின்றிருந்தாள். கிள்ளான் சரக்கு ஷெட்டில் வேலை பார்க்கும் அவள் தம்பி சூசை, நாளைக்கு அங்கே ஆள் எடுக்கும்போது பெயர் கொடுக்கப்போகிறானாம்.

"நான் சொல்லி நிறுத்த முடியாதுக்கா. புருஷனை அனுப்பிட்டு தம்பியை மட்டும் புடிச்சு வச்சுக்கிட்டான்னு பேசுவாங்க. அன்னிக்கு எல்லாரு முன்னாலயும் சொன்னீங்கள்ல, அதை அவன்கிட்டச் சொல்லுங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "அவரு போறப்பவும் எனக்கு மனசில்ல. சொல்ற தைரியம் இல்ல, அவ்வளவுதான்."

மகதலேனாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். முன்வரிசைக்காரி தன் கொல்லையில் வந்து நிற்கிறாள் என்ற சந்தோஷம். உன் தம்பியை நீயே பார்த்துக்கொள், இல்லாவிட்டால் அந்த ஊசி குத்தின துரைசாணியிடம் போய்ச் சொல் என்றாள். பெர்னடெட் திரும்பிப் போனாள். மகதலேனா மிளகாய் இடிக்க உட்கார்ந்தாள். தேவைக்கு மேல் இடித்தாள்.

மறுநாள் காலை கீரை வாங்கப் போனாள். கிழவன் வழக்கம்போல மல்லியைத் திணித்தான். அண்ணன் புறப்பட்ட அன்று, தெருவில் ஒருத்தியாவது குறுக்கே நின்று வேண்டாம் என்று சொல்லியிருப்பாளா என்று அவளுக்குத் திடீரென்று தோன்றியது. சொல்லக்கூடியவள் எவளாவது இருந்து, அம்மா மேல் உள்ள கோபத்தில் சும்மா இருந்திருப்பாளோ? கீரைக்கட்டைக் கையில் வைத்தபடியே ஸ்டேஷனுக்கு நடந்து கிள்ளான் ரயிலில் ஏறிவிட்டாள்.

கிள்ளானில் ஆள் எடுக்கும் மேசை ஸ்டேஷனை ஒட்டிய கொட்டகையில் போட்டிருந்தது. சூசை வரிசையில் நின்றிருந்தான். வாலிபன், அக்காவின் அதே நிறம். மகதலேனா அவன் பக்கத்தில் போய் நின்று, போகாதே என்றாள்.

அவனுக்குச் சங்கடம். முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. எங்க அக்கா மேல உங்களுக்குப் பொறாமைன்னு எல்லாருக்கும் தெரியும்."

"ஆமா, பொறாமைதான்," என்றாள் மகதலேனா. "அவ சேலையைப் பாத்தாலும் பொறாமை, அவ பாடுனாலும் பொறாமை. எம் புருஷன் அவ வீட்டுல காப்பி குடிச்சா எனக்கு நெஞ்சே வெந்துபோவுது. அது வேற. நீ அங்க போயி யாரையோ கொல்றதுக்கு ரயில் ஓட்டுறது வேற. நீ செத்தாலும் அவ முன்வரிசையிலதான் உக்காருவா, எனக்கு இன்னும் பொறாமையாத்தான் இருக்கும். எனக்கு ஒண்ணும் லாபமில்ல. போகாதடா."

சூசை சிரித்துவிட்டான். பிறகு தரையைப் பார்த்தான். பசிக்கிறது, சாப்பிட்டுவிட்டு வந்து நிற்கிறேன் என்றான். எதிரே இருந்த கடையில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவன் தோசை சாப்பிட்டான். இன்னொன்று கேட்டான். பிறகும் கேட்டான். மகதலேனா கீரையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொட்டகையில் மேசையை மடக்கும்வரை அவன் மென்று முடிக்கவே இல்லை.

பெர்னடெட் ஊரில் எல்லாரிடமும் தம்பிக்கு நெஞ்சு பலவீனம், டாக்டர் தள்ளிவிட்டார் என்றாள். மகதலேனா மறுக்கவில்லை. இருதயத்திடம் மட்டும் நடந்ததைச் சொன்னாள். சொன்ன கையோடு, அந்த வீட்டுக்கு நீங்கள் போவது எனக்குப் பிடிக்கவில்லை என்றும் முதல்முறையாகச் சொன்னாள்.

அவன் வெகுநேரம் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அந்த வீட்டுக்குப் போனா நானும் பஸ்ரா போயிட்டு வந்த மாதிரி இருக்கு," என்றான். "ஷெட்டுல எல்லாரும் வாலண்டைனைப் பத்தியே பேசுறானுங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது." தனக்கு மட்டுந்தான் வயிறு எரிகிறது என்று அதுவரை நினைத்திருந்த மகதலேனா, அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கதவின் கீல் சரியானது.

சண்டை முடிந்து வாலண்டைன் திரும்பி வந்தான். உடம்பு வற்றி, அடிக்கடி குளிர்காய்ச்சல். இருதயம் ஆசையாய்ப் போய் விசாரித்தான். வெயில் அதிகம், ஈ அதிகம் என்றதோடு வாலண்டைன் நிறுத்திக்கொண்டான். ஆனால் அவனுக்கு உத்தியோக உயர்வும் மேட்டுப்பக்கம் பெரிய வீடும் கிடைத்தன. சாமான் ஏற்றிய மாட்டுவண்டி போவதை மகதலேனா வாசலில் நின்று கடைசிவரை பார்த்தாள். அந்த வீட்டில் ஜன்னல்களுக்குக் கண்ணாடி போட்டிருக்கிறதாம்.

சில வருஷம் கழித்துக் கிள்ளானில் சூசைக்குக் கல்யாணம். பெர்னடெட் பட்டுச்சேலையில் முன்னால் நின்றாள். மகதலேனாவுக்குப் பின்வரிசைதான். பூசை முடிந்ததும் பெரியவர்களிடம் ஆசியாக நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்ள வந்த சூசை, நேராக நடந்து பின்வரிசைக்கு வந்து, மகதலேனாவின் முன்னால்தான் முதலில் தலையைக் குனிந்தான். அவள் விரல் அவன் நெற்றியில் இருந்தபோது முன்னால் நின்ற பெர்னடெட்டைப் பார்த்தாள். பெர்னடெட்டின் முகம் கறுத்திருந்தது. அப்படிக் கறுப்பது எதனால் என்று மகதலேனாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரயிலில் திரும்பும்போது வழி நெடுக அவளுக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில், மற்ற பாவங்களோடு அந்தச் சந்தோஷத்தையும் சாமியாரிடம் மறைக்காமல் சொன்னாள். அதற்காக வருத்தப்படுகிறாயா என்று சாமியார் கேட்டார்.

"இன்னும் வருத்தம் வரல சாமி," என்றாள். "வந்தா வந்து சொல்றேன்."