மேடம் லாமைச் சாகவிடாத என் கார்

இதை ஒருவரும் நம்பப்போவதில்லை, நம்பவும் வேண்டாம். ஆனால் சன்னிவேலிலிருந்து சான்பிரான்சிஸ்கோ பாலத்துக்குக் காரில் போக நினைப்பவர்களுக்கு வழியும் சுங்கமும் குளிரும் இதில் கலப்படமில்லாமல் கிடைக்கும்.

1996 அக்டோபர், ஒரு சனிக்கிழமை. எங்கள் அடுத்த வீட்டு மேடம் லாம் ஹாங்காங் தொலைக்காட்சித் தொடர்களில் நடித்தவர். ராணிக்குப் பின்னால் தட்டு ஏந்தும் பணிப்பெண்ணாக ஆரம்பித்து, மூத்த மனைவியாகி, கதாநாயகனின் அம்மாவாக உயர்ந்தவர். எந்த வேடமானாலும் பாதியில் செத்துவிடுவார். விஷம், வெள்ளம், வாள், காசநோய். அவரைக் கொல்லாத ஆயுதத்தைச் சீனாவில் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. என் மனைவி கமலா ஒரு வார்த்தை புரியாமலே அத்தனை சாவுகளையும் கேசட்டில் பார்த்து அழுதிருக்கிறாள்.

அந்த மாதம் ஒரு தொடரின் கடைசிக் காட்சிகளை எடுக்க ஹாங்காங் குழு ஒன்று சான்பிரான்சிஸ்கோவுக்கு வந்திருந்தது. மேடத்தை அம்மா வேடத்துக்கு அழைத்தார்கள். சாக மாட்டேன் என்பது மட்டும் அவருடைய நிபந்தனை. ஹாங்காங்கில் அவருடைய அம்மாவுக்கு நினைவு தடுமாறிக்கொண்டிருந்தது. பழைய தொடரில் மகள் செத்ததை நிஜமென்று நம்பிச் சாப்பிடாமல் கிடந்தாராம், போனில் பேசினால், "என் பொண்ணு செத்துட்டா, நீ யாரு?" என்றாராம்.

"ஒரு தடவையாவது நான் உயிரோட போறதை அவங்க பாக்கணும்," என்றார் மேடம். "கடைசில கார்ல ஏறிப் போயிடறேன். டைரக்டர் ஓகே சொல்லிட்டார். கார்தான் வேணும்."

காரும் என்னுடையது, ஓட்டுநரும் நானே. கமலா வேடிக்கை பார்க்க ஏறிக்கொண்டாள்.

மதியம் இரண்டு மணிக்கு 280 ஃப்ரீவேயைப் பிடித்தோம். 101 வேண்டாம், நெரிசல். சுமார் நாற்பத்தைந்து மைல், ஒன்றேகால் மணி நேரம். மேட்டில் சூடேறிச் சூடேறி என் பழைய கார் குடித்த தண்ணீரில் வழியிலிருந்த ஏரி ஓரடி இறங்கியது.

பாலத்தருகே ஓர் உதவியாளர் குனிந்து வணங்கி, இரண்டு கைகளாலும் ஒரு சிவப்பு உறையை நீட்டினார். மேடத்தின் முகம் இருண்டது.

"என்ன மேடம், சம்பளமா?"

"இல்ல. சாகிற சீன் இருந்தாலோ, செத்தவங்க போட்டோவுக்கு நிக்கணும்னாலோ, கெட்டது ஒட்டாம இருக்க இதைக் கொடுப்பாங்க." உறையைப் பார்த்தபடியே சொன்னார். "கதையை மாத்திட்டாங்க."

டைரக்டர் தயங்கித் தயங்கி விளக்கினார். கார் புறப்படும், விபத்து என்று செய்தி வரும், அடுத்து ஊதுவத்திகளுக்கு நடுவில் வைக்க மேடத்தின் படம் ஒன்று. மேடம் வாதாடவில்லை. படப்பிடிப்பை ஒருநாளும் நிறுத்தியவரில்லை. தலையைச் சரிசெய்துகொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். கமலா பின்னால் குனிந்து ஒளிந்துகொண்டாள். 'கட்' என்றதும் நிறுத்த வேண்டும் என்பது எனக்கு இடப்பட்ட கட்டளை.

"என்னங்க, கட் சொல்றாங்க!"

"கேக்கலடி."

"கத்துறாங்க! உங்களுக்கென்ன செவிடா?"

"இந்த வண்டிச் சத்தத்துல நீ பேசுறதே கேக்கல."

மேடம் திரும்பிப் பார்க்கவில்லை. "ஓட்டுங்க," என்றார் மெதுவாக.

பாலம் ஏறினேன். டைரக்டர் பாதிப் பாலம்வரை ஓடிவந்தார். கடல்நாய்கள் எழுந்து நின்று கைதட்டின. அக்கரையில் வண்டியை நிறுத்தினேன். மேடம் வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பியபோது வெளிச்சம் போய்விட்டது. குழுவுக்கு அன்றிரவே விமானம், சாவுப் படம் எடுக்க நேரமில்லை. மேடம் உறையைத் திறக்காமல் இரண்டு கைகளாலும் டைரக்டரிடம் நீட்டினார். "சாகாதவளுக்கு இது எதுக்கு?"

அவர் மேடத்தைப் பார்த்தார், என்னை முறைத்தார், பிறகு உறையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மேடம் காரில் ஏறிப் போவதோடு முடிந்த அந்தத் தொடர் அடுத்த வருடம் ஹாங்காங்கில் ஒளிபரப்பானது. ஒருநாள் காலை மேடம் எங்கள் கதவைத் தட்டினார். கண்கள் கலங்கியிருந்தன. அம்மா போனில் கேட்டாராம்: "கார்ல ஏறிப் போனியே, அந்த டிரைவர் உன்னைப் பத்திரமா வீட்டுல விட்டானா?"

போகிறவர்களுக்கு: பாலத்தில் வடக்கே போகக் காசில்லை, திரும்பும்போது அன்றைக்கு மூன்று டாலர். அக்டோபரிலும் ஸ்வெட்டர் அவசியம், காற்று ஆளைத் தூக்கும். வண்டியை அக்கரையில் நிறுத்துங்கள். பாலம் அங்கிருந்துதான் முழுதாகத் தெரியும்.

ஏரி இறங்கியதை நம்ப வேண்டாம். கடல்நாய்களையும் டைரக்டரின் ஓட்டத்தையும் விட்டுவிடுங்கள். எனக்குக் காது கேட்கவில்லை என்பதைக் கமலாவே நம்பவில்லை. சின்னதாக ஒன்று மட்டும் நிஜம். அந்த டிரைவர் அவரைப் பத்திரமாகத்தான் வீட்டில் விட்டான். அடுத்த வீடுதான் என்றாலும், அவர் உள்ளே போய் விளக்குப் போடும்வரை வாசலில் நின்றான்.