ஒட்டுப் போட்ட இஞ்சின்

எனக்கு அந்த ஸ்க்ரேம்ளர் மோட்டாரை விற்றவர் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவின் தலைவர். சனிக்கிழமை மாலைப் பூசையில் வாசகம் வாசிப்பவரும் அவர்தான். நல்ல குரல். அந்தக் குரலை நம்பித்தான் வாங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஈப்போவில் ஒரு பல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். பொய்ப்பற்கள் செய்வது என் தொழில். நாற்பது வயதுவரை காப்சாய் என்கிற சின்ன மோட்டாரில் வேலைக்குப் போய்வந்தவள். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பசியாறப் போகும் கடையில் ஒரு கூட்டம் சேறும் சகதியுமாக வந்து உட்காரும். காட்டுப் பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்த உயரமான மோட்டார்கள் வெளியே வரிசையாக நிற்கும். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை.

அந்தக் கூட்டத்துக்கும் அவர்தான் தலைவர். புதிதாக ஒரு பெரிய மோட்டார் வாங்கியிருந்ததால் பழையதை விற்கப் போவதாகச் சொன்னார். பூசை முடிந்து கார் நிறுத்துமிடத்தில் காட்டினார். கழுவித் துடைத்து, இஞ்சினின் அடிப்பாகம்வரை பளபளவென்று இருந்தது.

“கீழ விழுந்திருக்கா அண்ணே?” என்று கேட்டேன்.

“ஸ்க்ரேம்ளர்னா விழாம இருக்குமா லா? ஆனா இஞ்சின் தொறந்ததே இல்ல. வெளியாளுக்குக் கொடுக்க மனசில்ல. தங்கச்சிக்குக் கொடுக்கிற மாதிரி கொடுக்கிறேன்.”

வாங்கிக்கொண்டேன்.

முதல் ஞாயிறு அவர்களோடு செம்பனைக் காட்டுக்குள் போனேன். ஒரு சரிவில் கல் ஒன்று தெறித்து இஞ்சினின் அடியில் பட்டது. பெரிய அடி அல்ல. கொஞ்ச தூரம் போனதும் காலில் சூடாக ஏதோ தெறித்தது. குனிந்து பார்ப்பதற்குள் பின்சக்கரம் இறுகி நின்றுவிட்டது. நான் புல்லில் போய் விழுந்தேன். வந்த வழியெல்லாம் எண்ணெய் கோடு போட்டிருந்தது.

அவர் திரும்பி வந்தார். இறங்கவில்லை. கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தபடியே, “ஆயில் பாக்காம ஓட்டினியா தங்கச்சி?” என்றார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, “பொம்பளைங்க கையில கொடுத்தா இப்படித்தான்” என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு போய்விட்டார்கள். கம்பாரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் மட்டும் நின்று, என்னோடு சேர்ந்து வண்டியைத் தார்ச்சாலைவரை தள்ளிவந்து, தன் கடை லாரியை வரவழைத்து ஏற்றிவிட்டார். நான் வீடு போய்ச் சேர்வதற்குள் அந்தப் படம் கூட்டத்தின் கைப்பேசிக் குழுவில் வந்திருந்தது. கீழே சிரிக்கும் முகங்கள்.

மறுநாள் குனோங் ராபாட்டில் என் வீட்டு முற்றத்தில் வண்டியைச் சாய்த்துப் போட்டு எண்ணெயைத் துடைத்தேன். இஞ்சினின் அடியில் ஓர் ஓரம் நகத்தில் தட்டுப்பட்டு உரிந்தது. உலோகம் அப்படி உரியாது. அது பசை. இரண்டு குழம்பைக் கலந்து, இறுகவிட்டு, தேய்த்து மட்டமாக்குகிற பசை. நாள் முழுக்க அந்த மாதிரிப் பசையோடுதான் நான் பிழைப்பு நடத்துகிறேன். சின்ன கத்தியால் நெம்பினேன், செதிலாக வந்தது. அடியில் என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு விரிசல்.

என்னைக் கொதிக்க வைத்தது விரிசல் அல்ல. அந்த ஒட்டு அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. முதலில் கரடான உப்புத்தாள், பிறகு மென்மையான தாள் என்று பொறுமையாகத் தேய்த்து, இஞ்சினின் நிறத்துக்கே வெள்ளி வர்ணம் கலந்து பூசியிருந்தார். அத்தனை நேரமும் அந்த மனிதருக்குத் தெரியும், இதை யாரோ ஒருத்தர் நம்பி ஓட்டப் போகிறார் என்று.

தொலைபேசியில் அழைத்தேன். “எனக்கெப்படித் தெரியும்? நான் வாங்கும்போதே அப்படி இருந்திருக்கும். பழசு வாங்கினா பழசுதான் லா” என்றார். அந்தச் சனிக்கிழமை மேடையேறி, அயலானை நேசிப்பது பற்றிய பகுதியை அதே நல்ல குரலில் வாசித்தார். பிறகு எல்லோரும் எழுந்து நின்று செபம் சொன்னோம். பிறர் குற்றத்தை மன்னிப்பது பற்றிய வரி வந்தபோது நான் வாயை மூடிக்கொண்டேன். அது தானாக நடந்ததல்ல. யோசித்துத்தான் மூடினேன்.

புகார் கொடுக்கலாம் என்றாள் என் அக்காள். கொடுத்திருக்கலாம். அவர் வாசலில் போய்க் கத்தியிருக்கலாம். ஆனால் கத்தினால் ‘அவளுக்கு ஓட்டத் தெரியாது, அதான் கத்துறா’ என்பார். என்னைப் பார்த்துச் சிரித்த அதே ஆட்களின் முன்னால், அவர் வாயாலேயே உண்மை வரவேண்டும். அது வரும்வரை ஓயக்கூடாது என்று முடிவுசெய்தேன்.

முதல் வேலை அந்த வண்டியை ஓடவைப்பது. பட்டறைக்காரச் சீனர் இஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு, “புவாங் லா” என்று குப்பைத்தொட்டியைக் காட்டினார். தூக்கிப் போட நான் தயாராக இல்லை. விரிசலை அலுமினியத்தால் பற்றவைக்க ஓர் ஆளைத் தேடிப் பிடித்தேன். புதிய பிஸ்டன், புதிய பேரிங். மற்றதையெல்லாம் நானே பிரித்தேன். காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் ஆற்று மணல் இருந்தது. பின்சக்கரத்தைத் தாங்கும் கையின் பேரிங்குகள் துருப்பிடித்துத் தூளாகக் கொட்டின. இஞ்சின் விரிசல் விட்டதோடு ஆற்றிலும் முங்கியிருக்கிறது. கண்டுபிடித்த ஒவ்வொன்றையும் படம் பிடித்து வைத்தேன். கோபம் ஆறிவிடுமோ என்று பயம் வந்தால் எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

வேலையிலும் அது தெரிந்திருக்க வேண்டும். “ஏன் இப்பல்லாம் கோரைப்பல்லு கூரா வருது?” என்று முதலாளி கேட்டார்.

வண்டி ஓட ஆரம்பித்ததும், ஈயம் எடுத்துக் கைவிட்ட மணல்காட்டில் விடியற்காலைகளில் தனியாகப் பழகினேன். விழுந்தேன், தூக்கி நிறுத்தினேன், மறுபடி விழுந்தேன். வீட்டுக்கு வந்ததும் வடிகட்டிப் பஞ்சைக் கழுவி, காயவைத்து, எண்ணெயில் பிசைந்து பிழிந்து போடுவேன். சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டி, சத்தம் மாறுவதை இறுக்குவேன். இஞ்சின் அடியில் இரும்பைவிடக் கெட்டியான தகடு ஒன்றைப் பொருத்தினேன். இதையெல்லாம் வண்டிமேல் இருந்த பாசத்தால் செய்தேன் என்று சொன்னால் பொய். அந்த முகத்தை நினைத்துக்கொண்டே செய்தேன். எந்தத் திருகும் தளரவில்லை.

பிறகு மறுபடி கூட்டத்தோடு போகத் தொடங்கினேன். “என் பழைய வண்டி, நல்லாதான் ஓடுது பாரு” என்று அவர் எல்லோரிடமும் பெருமையடித்தார். நான் சிரித்தேன். அவருக்கு ஒரு பழக்கம் இருந்ததைக் கவனித்தேன். பச்சையாக, சமதளமாக ஓர் இடம் தெரிந்தால் போதும், வரிசையை விட்டு விலகி முறுக்கிக்கொண்டு எல்லோரையும் தாண்டிப் போவார். தலைக்கவசத்தில் கேமரா வேறு. பின்னால் வருபவள் பெண் என்றால் இன்னும் வேகம்.

எங்கள் கூட்டத்தில் பாதை அமைக்கும் பொறுப்பு ஆளுக்கொரு தடவை வரும். என் முறை வந்தபோது சுங்காய் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். இப்போது அது தோட்டமில்லை. பாதி செம்பனை, பாதி புதர். தொழிலாளர் லயங்கள் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் கிடக்கிறது. அதற்குக் கீழே, ரப்பர் பால் காய்ச்சிய ஸ்டோரின் கழிவுநீர் போய்த் தேங்கிய குட்டை ஒன்று உண்டு. பல வருடமாகத் தூர்ந்து, மேலே புல் மூடி, பந்து விளையாடலாம் போல இருக்கும். சின்ன வயதில் எங்கள் மாடு ஒன்று அதில் இறங்கி இடுப்புவரை போய்விட்டது. ஆளை விழுங்கும் ஆழமில்லை. முந்தின வாரமே போய் நீளக் கம்பால் குத்திப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன்.

புறப்படும்போது எல்லோரிடமும் சொன்னேன். “ஸ்டோர்கிட்ட வரப்பு ஒன்னு இருக்கு. என் டயர் தடத்திலேயே வாங்க. பக்கத்துல எறங்காதீங்க.” ஒருமுறைதான் சொன்னேன், அவரைப் பார்த்தே சொன்னேன். அவர் பாயிடம் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் அந்தப் பாதையையே போட்டேன்.

வரப்பில் நான் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன். வலப்பக்கம் இஞ்சின் உறுமியது. புல்வெளியில் அவர் என்னைத் தாண்டினார். ஒரு கையைக்கூடத் தூக்கிக் காட்டினார். அடுத்த கணம் முன்சக்கரம் காணவில்லை. பெரிய வண்டி, எடை அதிகம். கைப்பிடிவரை இறங்கி நின்றது. அவர் அதைத் தாண்டிப் போய்க் குப்புற விழுந்தார். எழுந்தபோது தொடைவரை கறுப்புச் சேற்றில் புதைந்திருந்தார். அழுகிய ரப்பர் பாலின் நாற்றம் எங்கள்வரை வந்தது.

நான் வண்டியை நிறுத்தி, அவருக்கு அடிபடவில்லை என்று பார்த்துக்கொண்டேன். பிறகு தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு வரப்பில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போயிருந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். மற்றவர்களும் நின்றார்கள். கயிறு என் பையில் இருந்தது.

“தங்கச்சி, கயிற போடு” என்றார்.

“போடுறேன் அண்ணே. ஒன்னு கேக்கணும். இந்த வண்டி இஞ்சின்ல ஒட்டு போட்டிருந்ததே, அது உங்களுக்குத் தெரியுமா?”

“எந்த ஒட்டு?”

நான் சோற்றைப் பிசைந்தேன். அவர் ஒரு காலை எடுக்கப் பார்த்தார். சப்பாத்து உள்ளேயே இருந்துவிட்டது.

“இப்ப போய் அத ஏன் லா கேக்குற?”

“தெரியுமா, தெரியாதா?”

பாய்தான் பேசினார். “சொல்லிடுங்களேன். வெயில் ஏறுது.”

அவர் எங்களைப் பார்க்காமல் சொன்னார். “தெரியும்.”

“யாரு போட்டது?”

“நான்தான்.”

சாப்பிட்டு முடித்து, கை கழுவி, கயிற்றைப் போட்டேன். அவர் எனக்கு விற்ற வண்டியாலேயே அவரையும் அவர் வண்டியையும் இழுத்தேன். பாய் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை, தடுக்கவும் இல்லை. மதியத்துக்குள் அது குழுவில் வந்துவிட்டது.

பழிவாங்கிய பிறகு மனம் வெறுமையாகிவிடும் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. அன்று நன்றாகத் தூங்கினேன். ‘நான்தான்’ என்று அவர் சொல்லும் இடத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்த சனிக்கிழமை வேறு யாரோ வாசகம் வாசித்தார்கள். அவர் ஞாயிறு பூசைக்கு மாறிவிட்டார். ஒருநாள் சந்தையில் அவர் மனைவி என்னை நிறுத்தினார். திட்டப் போகிறார் என்று நினைத்து நானும் தயாரானேன். அவர் கூடையைக் கீழே வைத்தார்.

“அந்த வீடியோ உன்கிட்ட இருக்கா?”

“இருக்கு அக்கா.”

“எனக்கு அனுப்பு. கல்யாணம் பண்ண நாள்லேருந்து அந்த மனுசன் எதுக்கும் ‘நான்தான்’னு சொன்னதில்ல.”

அங்கேயே நின்று அனுப்பினேன்.

இப்போது அவர் அந்தப் பெரிய வண்டியை விற்கப் பார்க்கிறார். வாங்க நினைப்பவர்களில் பாதிப்பேர் என்னிடம் வந்து கேட்கிறார்கள். சேற்றில் முங்கியது, சக்கர பேரிங்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்கிறேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வண்டி இன்னும் அவர் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. வேலை முடிந்து வர எனக்கு வேறு குறுக்குவழி உண்டு. ஆனாலும் அந்த ஸ்க்ரேம்ளரில் அவர் வீட்டுச் சாலையிலேயே வருகிறேன், வாசல் நெருங்கும்போது ஒரு கியர் குறைத்து, இஞ்சினை நன்றாகச் சத்தம் போடவிட்டுக் கடந்து போகிறேன்.