கம்பவுண்டரம்மாவின் ஏச்சு

எனக்கு வாய் அதிகம். இதை நான் சொல்லவில்லை. தூத்துக்குடியில் நான் வேலை பார்த்த டிஸ்பென்சரிக்கு வந்துபோன அத்தனை பேரும் சொன்னார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை பழகியபோது மருந்து கலக்க, புண்ணுக்குக் கட்டுப் போட, ஊசியைக் கொதிக்க வைக்க எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். வாயை மூட மட்டும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். காலையில் கதவைத் திறக்கும்போதே பெஞ்சு நிறைந்திருக்கும். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், உப்பளத்தில் கால் வெடித்தவர்கள், சங்கு குளிக்கிறவர்கள். முத்துக் குளிப்பு நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. வெளியூர்க்காரர்கள்தான் இன்னும் முத்து, முத்து என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முத்து எங்கே வந்தது? சீழ் வடிகிற காதுதான் வந்தது. குளிக்கிற ஆட்கள் காது வலித்தால் எண்ணெயைக் காய்ச்சி விட்டுக்கொண்டு மறுபடியும் கடலில் இறங்கிவிடுவார்கள்.

"அது காதா, தாளிக்கிற சட்டியா? எண்ணெயக் காய்ச்சி ஊத்துதீரு?" என்று ஏசுவேன். சிரித்துக்கொண்டே மறு காதையும் காட்டுவார்கள்.

வினை ஒரு மண்டிக்காரர் வீட்டம்மாள் வடிவில் வந்தது. மகனுக்குக் காய்ச்சல் என்று மிக்சர் மருந்து வாங்கிப் போனாள். பையன் கசக்கிறது என்று துப்பிவிட்டானாம். மருந்தை வீணாக்கலாமா என்று மீதி பாட்டிலைத் தானே குடித்துவிட்டு, மகனுக்கு இன்னும் குணமாகவில்லையே என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். நான் சொன்னது முழுவதையும் இங்கே எழுத முடியாது. அவள் நேரே டாக்டரிடம் போனாள்.

டாக்டர் மதராஸில் படித்தவர். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்.

"ஏம்மா, வேலை மட்டும் சுத்தமா இருந்தாப் போதுமா? சிரிச்ச முகம் வேணும். கனிவாப் பேசணும். நோயாளி என்ன சொன்னாலும் பொறுமையாக் கேட்டுக்கிடணும். நாளையிலேருந்து இங்க யாரையும் ஏசக்கூடாது."

ஏசினால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்பதையும் கனிவாகவே சொன்னார்.

மறுநாள் முதல் ஆளாக வந்தவர் எங்களுக்குப் பழக்கமான ஒரு சங்குகுளிக்காரர். வள்ளத்தைக் கரைக்கு இழுக்கும்போது திருக்கை மீனின் முள் காலில் ஏறியிருந்தது. முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த ஓட்டைக்குள் மூக்குப்பொடியைத் திணித்துக்கொண்டு வந்திருந்தார் மனிதர். மற்ற நாளாக இருந்தால் தெருவே கூடியிருக்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

"வாங்க அண்ணாச்சி. ரொம்ப வலிக்குதா? பயப்படாதிய. எல்லாம் கர்த்தர் பாத்துக்கிடுவார்."

அவர் என்னையே பார்த்தார். "கம்பவுண்டரம்மா, ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லையா?"

"நான் நல்லாத்தான் இருக்கேன் அண்ணாச்சி."

புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டு, தினமும் வந்து கட்டு மாற்ற வேண்டும் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லி அனுப்பினேன். என் கனிவில் எனக்கே பெருமை. டாக்டர்கூட உள்ளே இருந்து எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பிறகு அவர் மனைவி வந்தாள், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு.

"அவுக சாமியாரக் கூட்டிவரச் சொல்லி அவஸ்தை பூசிக்கிட்டாகம்மா. சாப்பிட மாட்டேங்காக. கட்டத் தொட விட மாட்டேங்காக. சுவத்தப் பாத்துப் படுத்துட்டாக."

அவஸ்தை பூசுவது அவர்கள் கத்தோலிக்கக் கோயிலில் சாகக் கிடக்கிறவர்களுக்குச் செய்கிற சடங்கு. முள் குத்தினதற்கு அவஸ்தையா என்று எனக்குப் புரியவில்லை.

"நீங்க அவுகள ஏசலியாமே. அண்ணாச்சின்னு அன்பாப் பேசுனியளாமே. எங்க தெருவுல சாகப்போறவகளத்தாம்மா யாரும் ஏச மாட்டாக. பத்து வருசம் பேசாத பங்காளிகூட அப்பத்தான் வந்து நல்ல வார்த்த சொல்லுவான். கம்பவுண்டரம்மாவே கைவிட்டுட்டாகன்னு அழுதாக. நீங்க வந்து ஒரு ஏச்சு ஏசுங்க. ஒங்க வாயால ஏசுனா நம்புவாக."

டாக்டரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் படித்த புத்தகங்களில் இதற்கு வழி இல்லை போலிருக்கிறது. "போயிட்டு வாங்க" என்றார்.

சங்குகுளிக்காரர் வீட்டில் மாதா படத்துக்குக் கீழே பாயில் கிடந்தார். தலைமாட்டில் மெழுகுதிரி. கட்டை அவிழ்த்தேன். வீக்கம் முழங்காலைத் தாண்டியிருந்தது, தொடையை நோக்கிச் சிவப்பாக ஒரு கோடு ஏறிக்கொண்டிருந்தது. இந்த ஆள் நிஜமாகவே செத்துவிடுவார் என்று தோன்றியது. "ஐயோ பாவம், அண்ணாச்சி" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே போயிருப்பார்.

"ஏலே, எந்திரி" என்றேன். என் அப்பா வயசு அவருக்கு. "மூக்குக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாத பயலுக்கு மெழுகுதிரி ஒரு கேடா? நாறுத புண்ண வச்சிக்கிட்டு மோட்சத்துக்குக் கெளம்பிட்டியாக்கும். அங்கன எவன் ஒனக்குக் கட்டு மாத்துவான்? எந்திரில."

நல்லவேளை, குரல் நடுங்கவில்லை. அவர் மெல்லத் திரும்பினார். முகத்தில் உயிர் வந்தது.

"ஏளா, ஏசுதாக பாத்தியா" என்றார் மனைவியிடம். "கஞ்சி இருந்தாக் கொண்டா."

மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோனோம். டாக்டர் கீறிச் சீழை வடித்து, அந்தக் காலத்தில் அரிதாகக் கிடைத்த சல்பா பொடியைத் தூவினார். கால் பிழைத்தது, நொண்டலோடு. தண்ணீருக்குள் நொண்டத் தெரியாது என்று சொல்லி அடுத்த பருவத்தில் மறுபடியும் சங்குக்குப் போய்விட்டார்.

"இனிமே ஒங்க இஷ்டம் போலப் பேசுங்கம்மா" என்றார் டாக்டர். அதற்குப் பிறகு என் பெயர் கடற்கரை முழுவதும் பரவிவிட்டது. காய்ச்சல்காரர்களைக் கூட்டிவந்து, "ஒரு வார்த்த ஏசிவிடுங்கம்மா" என்று ஆசீர்வாதம் கேட்பதுபோல் கேட்டார்கள். நானும் பஞ்சமில்லாமல் கொடுத்தேன்.

யுத்தம் முடிந்த பிறகு ஒருநாள் அந்தச் சங்குகுளிக்காரர் மனைவி தனியாக வந்தாள். மாதக்கணக்கில் இருமலாம். கையிலிருந்த துணியில் ரத்தம். டாக்டர் வெகுநேரம் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார். அந்த நோய்க்கு அன்று எங்கள் ஊரில் மருந்து கிடையாது. என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான்.

"ஏளா, இம்புட்டு நாளா எங்க போயிருந்த? புருசனுக்குக் கால்னா ஓடிவரத் தெரியுது, ஒனக்குன்னா தெரியாதோ?" என்று ஆரம்பித்தேன். மருந்துக்குக் கொண்டுவந்த பாட்டிலைச் சரியாகக் கழுவாததற்கு ஏசினேன். வெயிலில் நடந்து வந்ததற்கு ஏசினேன். ஏசுவதற்கு விஷயம் தீர்ந்த பிறகும் விடவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மிக்சர் பாட்டிலைத் தலைப்பில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

"நல்லா ஏசுதியம்மா. அவுக காலுக்குக்கூட இம்புட்டு ஏசல." வாசல்வரை போனவள் நின்று, "அவுக வந்து கேட்டா ஏசுனேன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

சாயங்காலம் அவர் நொண்டிக்கொண்டு வந்தார்.

"கம்பவுண்டரம்மா, அவள ஏசுனியளா?"

"ஏசாம விடுவேனா?" என்றேன்.

சந்தோஷமாகப் போனார்.